மங்கலான படம், தட்டையான படம்: எண்டோஸ்கோப்பி அறுவை சிகிச்சையில் வெளிச்சத்தையும் ஆழத்தையும் சரிசெய்யும் வழிகள்

"படம் டல்லா இருக்கு, லைட்டைக் கூட்டுங்க." லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்த்துச் செய்யும் சிகிச்சை) நடக்கும் தியேட்டரில் அடிக்கடி கேட்கும் குரல் இது. பார்த்தால் லைட் சோர்ஸ் (ஒளி தரும் விளக்குப் பெட்டி) ஏற்கெனவே உச்சத்தில்தான் இருக்கும். இன்னொரு குறையும் உண்டு, அதை யாரும் அவ்வளவாக வாய்விட்டுச் சொல்வதில்லை. படம் பளிச்சென்று இருக்கும். ஆனால் திசுவைப் பிடிக்கும் கருவியான கிராஸ்பரின் முனை திசுவைத் தொட்டுவிட்டதா, இன்னும் ஒரு சென்டிமீட்டர் பாக்கியா என்று தெரியாது. முதலாவது வெளிச்சக் குறை, இரண்டாவது ஆழக் குறை. ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் வேலை கெடும். வெளிச்சத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் ஈரத் திசு வெள்ளையாக வெளுத்து, இருக்கிற கொஞ்சம் ஆழமும் போய்விடும்.

ஆகவே முதலில் வெளிச்சம் எங்கே தொலைகிறது என்று பிடிக்க வேண்டும். ஆழத்தை அதன் பிறகு பார்க்கலாம்.

ஒளி போகும் வழி

விளக்கிலிருந்து புறப்படும் ஒளி லைட் கேபிளில் நுழைந்து, அதன் மறுமுனையிலிருந்து, உடலுக்குள் நுழைக்கும் பார்வைக் குழாயான ஸ்கோப்பின் லைட் போஸ்டுக்கு (கேபிள் மாட்டும் பக்க முனை) தாவி, ஸ்கோப்பின் ஓரமாகச் செல்லும் கண்ணாடி இழைகள் வழியே நுனிக்கு வந்து திசுவில் விழுகிறது. திசு திருப்பி அனுப்பும் ஒளி, நடுவில் இருக்கும் லென்ஸ் வரிசை வழியாக, கண் வைத்துப் பார்க்கும் பின்முனையான ஐபீஸுக்கும் அங்கிருந்து கேமரா ஹெட்டுக்கும் போகிறது. இந்தப் பயணத்தில் ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் ஒளி சிந்தும். ஒரே ஒரு மூட்டில் அழுக்கு காய்ந்து கருகியிருந்தாலும் புது விளக்கு மாட்டிப் பயனில்லை.

கேபிளிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான். இரு முனைகளையும் கழற்றி, ஒரு முனையை அறையின் டியூப் லைட்டை நோக்கிக் காட்டி, மறுமுனையைக் கண்ணால் பாருங்கள். வெள்ளை வட்டத்தில் கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை உடைந்த இழைகள். நாலைந்து புள்ளிகளால் ஒன்றும் ஆகாது. வட்டத்தில் கால் பங்கு கறுத்துவிட்டால் கேபிளை மாற்றும் நேரம் வந்துவிட்டது. வெள்ளை வட்டமே மஞ்சளாகவோ பழுப்பாகவோ தெரிந்தால் முனையில் அழுக்கு கருகி ஒட்டியிருக்கிறது. 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த காஸால் (மருத்துவ வலைத்துணி) துடைத்து, நன்றாக உலரவிட்டு மறுபடி பாருங்கள். சோர்ஸ் எரியும்போது கேபிளின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவே கூடாது.

இழைகள் ஏன் உடைகின்றன? கேபிளைக் கையில் இறுக்கிச் சுற்றுவதாலும், நோயாளியை மூடும் துணியான டிரேப்போடு சேர்த்து டவல் கிளிப்பால் கவ்வுவதாலும்தான். கிளிப் கவ்விய இடத்தில் வெளி உறை நன்றாகவே இருக்கும், உள்ளே இழைகள் நொறுங்கியிருக்கும். டிரேப்பில் இருக்கும் துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள். சுருட்டும்போது வளையத்தின் விட்டம் 15 முதல் 20 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

கேபிளின் தடிமன் ஸ்கோப்புக்குப் பொருந்த வேண்டும். 10 மி.மீ. லேப்ராஸ்கோப்புக்கு 5 மி.மீ. அளவிலான இழைக்கட்டு உள்ள கேபிளும், மூட்டு, மூக்கு சிகிச்சைகளில் வரும் 4 மி.மீ. ஸ்கோப்புக்கு 3.5 மி.மீ. அளவிலானதும் சரி. மெல்லிய ஸ்கோப்பில் தடித்த கேபிளை மாட்டினால் கூடுதல் ஒளி உள்ளே போகாது. லைட் போஸ்டிலேயே வெப்பமாக மாறி அதைச் சுட வைக்கும். தடித்த ஸ்கோப்பில் மெல்லிய கேபிள் என்றால் படம் மங்கிக் கிடக்கும். வேறு வேறு தயாரிப்பாளர்களின் கேபிளையும் ஸ்கோப்பையும் கலந்து பயன்படுத்தும் இடங்களில் அடாப்டரையும் பாருங்கள். அது தளர்ந்து ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டால்கூட வெளிச்சம் கண்ணில் தெரியும் அளவுக்குக் குறையும்.

அடுத்தது ஸ்கோப். லைட் போஸ்டை மேல் விளக்கை நோக்கித் திருப்பி நுனியைப் பாருங்கள். லென்ஸைச் சுற்றிப் பிறை போலவோ வளையம் போலவோ ஒளி தெரியும். அதில் கறுப்புத் திட்டுகள் இருந்தால் அங்கே இழைகள் செத்துவிட்டன. பிறகு கேமரா இல்லாமல் ஐபீஸ் வழியாக அச்சடித்த எழுத்துகளைப் பாருங்கள். நடுவிலும் ஓரத்திலும் எழுத்து கூர்மையாக இருக்க வேண்டும். ஓரத்தில் பிறை வடிவ நிழல் விழுந்தால் குழாய் வளைந்திருக்கிறது அல்லது உள்ளே லென்ஸ் உடைந்திருக்கிறது. ஹரோல்ட் ஹாப்கின்ஸ் 1959-ல் காப்புரிமை கோரிய தண்டு லென்ஸ் அமைப்பில் குழாய் முழுக்க நீளமான கண்ணாடித் தண்டுகள், நடுநடுவே சிறு காற்று இடைவெளிகள். ஒளி அவ்வளவு நன்றாகக் கடப்பதற்கும், ஸ்கோப்பை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினால் அது வளைந்து விரிசல் விடுவதற்கும் அந்தக் கண்ணாடியே காரணம். எடுக்கும்போது ஐபீஸ் பக்கத்தைப் பிடித்து, குழாயைத் தாங்கி எடுங்கள்.

கடைசியில் விளக்கு. செனான் விளக்குகளுக்குப் பெரும்பாலும் 500 மணி நேர ஆயுள் குறிக்கப்பட்டிருக்கும். சோர்ஸின் மணிக்கணக்கைப் பார்த்து மாற்றுங்கள், அணைந்துபோகும்வரை காத்திருக்க வேண்டாம். செனானை அணைத்து உடனே மறுபடி ஏற்றுவது அதன் ஆயுளைக் குறைக்கும். நடுவில் நிறுத்த ஸ்டாண்ட்பை பொத்தான் இருக்கிறது. எல்இடி சோர்ஸ் பல்லாயிரம் மணி நேரம் ஓடும், ஆனால் அதன் காற்று வடிகட்டியில் தூசி அடைத்தால் சூடேறி வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளக்கூடும். வடிகட்டியை யாரும் பார்ப்பதே இல்லை என்பதுதான் சங்கடம்.

இத்தனையையும் ஒரே எண்ணில் கண்காணிக்க ஒரு வழி: மாதம் ஒருமுறை, ஒவ்வொரு ஸ்கோப்பையும் உலர்ந்த வெள்ளை காஸுக்கு 5 செ.மீ. மேலே நிறுத்துங்கள். கேமராவின் தானியங்கி ஷட்டரையும் கெயினையும் (சிக்னலைப் பெருக்கும் அமைப்பு) அணைத்துவிட்டு, காஸின் இழைகள் தெளிவாகத் தெரியும் மிகக் குறைந்த லைட் அளவு எத்தனை சதவீதம் என்று குறித்து வையுங்கள். போன மாதம் 30-ல் தெரிந்தது இப்போது 60 கேட்கிறது என்றால், நல்ல கேபிளை மாட்டிப் பாருங்கள். எண் இறங்கினால் கேபிள்தான் பழுது. இறங்காவிட்டால் நல்ல ஸ்கோப்பை மாட்டிப் பாருங்கள். அதற்கும் இறங்காவிட்டால் விளக்கு. சிகிச்சையின் நடுவே தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கேஸ் (சிகிச்சை) தொடங்கும் முன்

சோர்ஸை ஏற்றி, செனானானால் சில நிமிடம் நிலைபெற விடுங்கள். முதலில் ஃபோகஸ், அதன் பிறகு ஒயிட் பேலன்ஸ் (எது வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டுவது). அன்று பயன்படுத்தப்போகும் அதே ஸ்கோப், அதே கேபிள் மாட்டியிருக்க வேண்டும். செனான் ஒளியின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 6000 கெல்வின், ஹாலோஜன் 3200-ஐ ஒட்டியது. ஒன்றுக்குச் செய்த ஒயிட் பேலன்ஸ் மற்றதில் திசுவை நீலமாகவோ மஞ்சளாகவோ காட்டும். கேபிள் பழுதானாலும் நிறம் மஞ்சளடிக்கும். எனவே நடுவில் ஸ்கோப்பையோ கேபிளையோ மாற்றினால் மறுபடி செய்யுங்கள்.

உலர்ந்த, ரத்தம் படாத வெள்ளை காஸ் திரை முழுவதையும் நிரப்ப வேண்டும். ஓரத்தில் பச்சை டிரேப் எட்டிப் பார்த்தால் கேமரா அதையும் வெள்ளைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும், பிறகு சிகிச்சை முழுக்கத் திசு சிவப்பேறித் தெரியும். "ஒயிட் பேலன்ஸ் ஆகவில்லை" என்று கருவி முரண்டு பிடித்தால் காஸ் மிக அருகில் இருந்து வெளுத்திருக்கும், அல்லது மிகத் தூரத்தில் இருண்டிருக்கும்.

அடுத்தது பனிமூட்டம். குளிர்ந்த நுனி, உடலுக்குள் ஈரமான சூட்டில் நுழைந்தால் கண்ணாடியில் நீராவி படியும். ஸ்டெரைல் சலைனை 50 டிகிரி செல்சியஸ் அளவில் தெர்மாஸில் வைத்து, நுனியை இரண்டு மூன்று நிமிடம் அமிழ்த்தி எடுத்துத் துடைத்து நுழையுங்கள். கொதிநீர் வேண்டாம், ஆட்டோகிளேவிலிருந்து வந்த சூட்டோடு குளிர்நீரில் முக்குவதும் வேண்டாம். இரண்டுமே முனை ஒட்டுகளை விரிசலிட வைக்கும். வயிற்றை உப்ப வைக்க வாயு ஏற்றும் குழாய் கேமரா போர்ட்டில் (ஸ்கோப் நுழையும் துளை) இருந்தால் அதை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். குளிர்ந்த, உலர்ந்த கார்பன் டை ஆக்சைடு லென்ஸின் மேலேயே வீசிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு துடைத்தும் தீராது. ஆல்கஹால் கலந்த பனிமூட்ட நீக்கி என்றால் உலர்ந்த பிறகே ஸ்கோப்பை ஒளியோடு இணைக்க வேண்டும். கண், காது அருகே நடக்கும் சிகிச்சைகளில் குளோர்ஹெக்சிடினை லென்ஸ் துடைக்க எடுக்காதீர்கள். அது கருவிழிப் படலத்தையும் உட்காதையும் கெடுக்கும்.

துடைத்தும் கறை போகவில்லையா? கேமரா ஹெட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்கோப்பை மட்டும் சுழற்றுங்கள். கறை கூடவே சுழன்றால் அது ஸ்கோப்பில் இருக்கிறது. நின்ற இடத்திலேயே நின்றால் கேமரா பக்கத்துக் கண்ணாடியில். ஸ்கோப்பை வெளியே எடுக்கும்போது தெளிவாகவும், போர்ட் வழியாக நுழைந்ததும் அழுக்காகவும் இருந்தால் போர்ட்டில் செருகியிருக்கும் குழாயான ட்ரோகாரின் உட்சுவரில் ரத்தம் ஒட்டியிருக்கிறது. காஸைத் திரித்து உள்ளே விட்டுத் துடையுங்கள்.

உள்ளே போன பின்

தூரத்தின் கணக்கு கடுமையானது. 10 செ.மீ. தூரத்திலிருந்து 5 செ.மீ.க்கு வந்தால் திசுவில் விழும் ஒளி ஏறத்தாழ 4 மடங்காகும். ஆகவே இருட்டாக இருந்தால் முதல் வழி ஸ்கோப்பை அருகே கொண்டுபோவது. கேமராவின் ஜூமைக் கூட்டினால் அதே ஒளி பெரிய பரப்பில் பரவிப் படம் மங்கும். 5 மி.மீ. ஸ்கோப்பில் இழைகளுக்கு இடம் குறைவு. அதை வைத்துக்கொண்டு 10 மி.மீ. ஸ்கோப்பின் தூரத்தில் நின்று வேலை பார்க்க முடியாது.

ரத்தம் ஒளியைக் குடிக்கும். ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடுவதால், கொஞ்சம் ரத்தம் தேங்கினாலே திரை முழுக்க மந்தமாகும். சக்ஷன் (உறிஞ்சு குழாய்) வைத்து எடுத்தால் கிடைக்கும் வெளிச்சம், சோர்ஸைத் திருகினால் கிடைக்காது. ரத்தத்தில் ஊறிய காஸையும் வெளியே எடுங்கள். மாறாகப் புது வெள்ளை காஸையோ பளபளக்கும் உலோகக் கருவியையோ காட்சியின் நடுவே வைத்தால் கேமரா "வெளிச்சம் அதிகம்" என்று முடிவெடுத்துப் படம் முழுவதையும் இருட்டாக்கும். அப்போது சோர்ஸைக் கூட்டினால் கேமரா இன்னும் இறக்கும். கேமரா ஒளியை அளக்கும் எக்ஸ்போஷர் அமைப்பை நடுப்பகுதி அளவீட்டுக்கு மாற்றுங்கள், அல்லது அந்தக் காஸை ஓரம் தள்ளுங்கள்.

கெயின் வேறு. அது ஒளியைக் கூட்டுவதில்லை, சிக்னலைப் பெருக்குகிறது. கூடவே மணல் தூவியது போன்ற புள்ளிகளையும் பெருக்கும். நுண்ணிய ரத்தக் குழாய்களின் விளிம்பு முதலில் மறைவது இதனால்தான். திசுவைச் சுட்டு வெட்டும் காட்டரியின் புகை ஏறினால், கேமராவுக்கு எதிர்ப்புறத்தில் இருக்கும் போர்ட்டின் வால்வைப் புகை வடிகட்டியோடு இணைத்துத் திறங்கள். கேமரா போர்ட்டிலேயே திறந்தால் புகை முழுவதும் லென்ஸைத் தேடி வரும்.

மூக்கு எண்டோஸ்கோப்பியில் ஒளிக்கும் ரத்தத்துக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கம். தலைப்பக்கத்தை 15 டிகிரி அளவுக்கு உயர்த்துவதும், சளிச்சவ்வு சுருங்க அட்ரினலின் பஞ்சு வைத்துக் காத்திருப்பதும் எந்த விளக்கையும்விட நல்ல படம் தரும்.

தட்டையான படத்துக்கு ஆழம் தருவது

வெறும் கண்ணால் திறந்து செய்யும் சிகிச்சையில் இரு கண்களும் இரு கோணங்களில் பார்க்கின்றன, விளக்கு மேலிருந்து வருகிறது, நிழல் பக்கவாட்டில் விழுகிறது. சாதாரண ஸ்கோப்பில் ஒரே கண். போதாக்குறைக்கு விளக்கும் அந்தக் கண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு குகையைப் பார்ப்பது போலத்தான்: ஒவ்வொரு பொருளின் நிழலும் அந்தப் பொருளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். நிழல் போனால் மேடு பள்ளம் தெரியாது.

ஆகவே நிழலை மீட்க வேண்டும். 30 டிகிரி ஸ்கோப் இதற்கு உதவும். அது திசுவை நேர் எதிரே பார்க்காமல் சாய்வாகப் பார்ப்பதால் மடிப்புகளின் ஒரு பக்கம் ஒளிர்ந்து மறுபக்கம் மங்கும். லைட் போஸ்ட் இருக்கும் திசைக்கு எதிர்த்திசையில் லென்ஸ் பார்க்கும் என்று நினைவில் வையுங்கள்: போஸ்ட் மேலே என்றால் பார்வை கீழே. திசை மாற்ற போஸ்டைச் சுழற்றுங்கள், கேமரா ஹெட்டை மட்டும் எப்போதும் நேராகப் பிடியுங்கள். கேமரா ஹெட் சாய்ந்தால் தொடுவானம் சாயும். எது கீழ் எது மேல் என்ற கணக்கு போனபின் ஆழக் கணக்கும் நிற்காது.

இப்போது கருவியின் முனையைக் கவனியுங்கள். பித்தப்பை நாளத்தை நோக்கி மேரிலாண்ட் (வளைந்த முனையுள்ள, திசுவைப் பிரிக்கும் கருவி) போகிறது. ஈரமான திசுவின் மேல் அதன் மங்கலான நிழல் ஒன்று தனியாக நகரும், சில சமயம் அதன் பளபளப்பும் கண்ணாடியில் போலத் தெரியும். முனையும் நிழலும் நெருங்குகின்றன. இரண்டும் சேரும் நொடியில் முனை திசுவைத் தொடுகிறது. அடுத்த நொடி திசு லேசாகக் குழிந்து, அந்த இடத்தின் மினுக்கம் இடம் மாறும். பயிற்சிப் பெட்டியில் இதை மட்டும் பார்த்துப் பழகினாலே தொட்டதும் தொடாததும் பிரிந்து தெரியும். வெளிச்சம் அதிகமாகி இந்த மினுக்கங்கள் வெள்ளைத் திட்டுகளாகிவிட்டால் இந்த அடையாளம் அழிந்துபோகும். மினுக்கம் இருக்க வேண்டும், ஆனால் அதற்குள் திசுவின் நிறம் தெரிய வேண்டும். அதுவரை சோர்ஸைக் குறையுங்கள்.

இரண்டாவது அடையாளம் அசைவு. ஸ்கோப்பை ஒரு சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தினால் அருகில் இருப்பது வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் நகரும். முக்கியமான ஒன்றை வெட்டும் முன் கேமரா பிடிப்பவரிடம் இந்தச் சிறு அசைவைக் கேட்டு வாங்குங்கள். வெட்டும்போது கேமரா அசையக் கூடாது.

மூன்றாவது அளவுகோல். 5 மி.மீ. கருவியின் தண்டு எப்போதும் 5 மி.மீ.தான். அதைச் சந்தேகமான பொருளின் பக்கத்தில், அதே ஆழத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நாளத்தை மூடும் க்ளிப் போடும் முன், க்ளிப்பின் இரு கால் முனைகளும் நாளத்துக்கு அப்பால் தெரிகின்றனவா என்று பார்ப்பதும் இதே வகைதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் போர்ட் வைக்கும் இடத்தில் இருக்கிறது. கருவி கேமராவுக்கு இணையாக உள்ளே போனால் அதன் எல்லா அசைவும் திரைக்குள் போவதும் வருவதுமாக இருக்கும். ஒற்றைக் கண்ணுக்கு மிகக் கடினமான அசைவு அது. கருவி பக்கத்திலிருந்து வந்தால் அதே ஆழம் திரையில் குறுக்கு அசைவாகத் தெரியும். கேமரா போர்ட்டிலிருந்து சிகிச்சை இடம் 15 முதல் 20 செ.மீ., வேலை செய்யும் இரு போர்ட்களும் கேமராவின் இருபுறமும் 5 முதல் 7 செ.மீ. தள்ளி, ஒரே வில்லில். இரு கருவிகளும் சந்திக்கும் கோணம் 60 டிகிரியை ஒட்டி வரட்டும். 45-க்குக் கீழே போனால் கருவிகள் உரசிக்கொள்ளும், ஆழமும் தெரியாது. உடலமைப்பு இடம் தராதபோது கேமராவை வேறு போர்ட்டுக்கு மாற்றுவது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை.

மானிட்டர் அறுவை மருத்துவரின் கைகளும் சிகிச்சை இடமும் இருக்கும் அதே நேர்கோட்டில், கண் மட்டத்திலிருந்து 15 டிகிரி வரை தாழ்வாக. பக்கவாட்டில் இருந்தால் கை ஒரு திசை, கண் ஒரு திசை. 27 அங்குலத் திரைக்கு 1 முதல் 1.5 மீட்டர் தூரம் நன்று. அறையின் மேல் விளக்கு திரையில் பிரதிபலித்தால் கறுப்பெல்லாம் சாம்பலாகி நிழல் தொலையும். விளக்கைக் குறையுங்கள், மயக்க மருந்து மருத்துவருக்கும் கருவி மேசைக்கும் வேண்டிய வெளிச்சத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

முப்பரிமாண ஸ்கோப் இருந்தால் பாதி வேலை குறையும், முழுவதும் குறையாது. அதன் இரு கண்களுக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. மிக அருகில் கொண்டுபோனால் படம் இரண்டாகப் பிளந்து தலைவலி தரும், தூரம் போனால் ஆழம் மறைந்து தட்டையாகும். கண்ணாடி அணிந்து பார்க்கும் திரையைக் கண் மட்டத்துக்கு நேராக வையுங்கள். இடது, வலது சிக்னல் மாறி இணைந்திருந்தால் ஆழம் தலைகீழாகும்: கிட்டே வரும் கருவி தூரம் போவது போலத் தோன்றும். தொடங்கும் முன் காஸின் மேல் கருவியை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இரு கண் ஆழப் பார்வை இயல்பாகவே இல்லாதவர்கள் உண்டு; அவர்களுக்கு மேலே சொன்ன நிழலும் அசைவும்தான் துணை.

நடுவில் இருண்டால்

வரிசை இதுதான். சோர்ஸ் ஸ்டாண்ட்பையில் விழுந்ததா? கேபிள் சோர்ஸிலிருந்தோ போஸ்டிலிருந்தோ நழுவியதா? லென்ஸ் திசுவைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா? நுனி ட்ரோகாருக்குள் பின்வாங்கிவிட்டதா? இந்த நான்கிலும் இல்லையென்றால் ஸ்கோப்பை வெளியே எடுத்துத் துடைத்துச் சூடேற்றி ஒருமுறை முயலுங்கள்.

எடுத்த ஸ்கோப்பையும் எரியும் கேபிளையும் டிரேப்பின் மேல் வைக்காதீர்கள். கேபிள் முனை துணியைப் பொசுக்கும், அடியில் இருக்கும் தோலையும் சுடும். கையிலிருந்து இறங்கும் முன் ஸ்டாண்ட்பை.

ரத்தம் வரும் நேரத்தில் படம் போனால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கருவிகளின் முனையை அசைக்காமல் நிறுத்தி, ஸ்டெரைலாகத் தயாராக இருக்கும் மாற்று ஸ்கோப்பையும் கேபிளையும் சேர்த்தே மாட்டுங்கள். அதிலும் பார்வை திரும்பாமல் ரத்தம் நிற்காவிட்டால் வயிற்றைத் திறப்பதுதான் வழி. பழுதைத் தேடுவதெல்லாம் கேஸ் முடிந்த பிறகு, வெளி மேசையில்.